விடுதலைப் பத்திரம், பக்கம் நான்கு

சைதாப்பேட்டையில்
சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து நிற்பேன்.
நீலத்திரையில் வெள்ளைப் புள்ளிகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.
செக்குமாடுகூட நடுவில் ஒருமுறை மூச்சுவாங்கும்.

ஒன்பது நாற்பது வண்டி போகிற சத்தம் கேட்கும்.
இனி பத்து ஐந்துதான்.

பகலெல்லாம் தங்கக் கம்பி.
கிரயம், தானம், குத்தகை, பவர்,
வடக்கே இன்னார் மனை, தெற்கே இருபதடிச் சாலை,
சொன்னதையெல்லாம் செய்யும்.
போ என்றால் மட்டும் போகாது.
விருந்துக்கு வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு
வாசலில் நின்று
இன்னொரு கதையை ஆரம்பிப்பதுபோல.

பட்டனை ஐந்து எண்ணும்வரை அழுத்தினால் அணையும்.
அணைப்பதா அது, கழுத்தை நெரிப்பது.
மறுநாள் காலை டிஸ்கில் பழுது தேடுகிறேன் என்று
பதினோரு சதவீதத்தில் முக்கால் மணி நேரம் உட்காரும்.
வில்லங்கம் போட வந்தவர்கள்
என் முகத்தையே பார்ப்பார்கள்.

கரண்ட் போகட்டும் என்றுகூட வேண்டியிருக்கிறேன்.
போனது ஒருநாள்.
காலடியில் யூபிஎஸ்
கீ கீ என்று கத்திக்கொண்டே
அதைத் தாங்கிப் பிடித்திருந்தது.

இருதயராஜ் ரிச்சி தெருவிலிருந்து வந்தான்.
முதலில் ஆண்டிவைரஸ்மேல் சந்தேகம்.
அப்புறம் ஸ்கேனர்.
அப்புறம் வைஃபைக்குச் செருகிய அந்தச் சின்னக் குச்சி.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்,
ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
கொசு கடித்தது. டீ ஆறியது.

"யாரோ ஒருத்தர் வேலையை முடிக்கலக்கா.
அவர் முடிக்கட்டும்னு இது நிக்குது."
லாகைத் திறந்து கீழிருந்து மேலாகப் படித்தான்.
எல்லா இரவிலும் ஒரே பெயர், ஸ்பூலர்.

அச்சு வரிசையில் ஒரே ஒரு ஃபைல்,
இல்லாத பிரிண்டருக்காக நின்றுகொண்டிருந்தது.
விடுதலைப் பத்திரம், ஐந்து பக்கம்.
மூன்று வந்திருக்கிறது.
எழுதிக்கொடுப்பவர் எத்திராஜம்மாள்.
எழுதிப் பெறுபவர்கள் தம்பிகள் இருவர்.
ஜோன்ஸ் சாலையை ஒட்டி அறுநூற்று நாற்பது சதுர அடி.

ஞாபகம் வந்தது.
நான்காம் பக்கத்தில் பேப்பர் சிக்கிக்கொண்டது.
மூடியைத் திறந்து நான் இழுத்துக்கொண்டிருந்தபோது
"பாத்ரூம் எங்கம்மா" என்று எழுந்தார்.
கைகாட்டினேன்.
அந்தப் பக்கமாகவே நடந்துபோய்
பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.
தம்பிகள் பேசிய பேச்சை நான் எங்கேயும் டைப் செய்ய மாட்டேன்.
என் கூலியும் வரவில்லை.
அந்த வாரமே பிரிண்டரை எடைக்குப் போட்டேன்.

நான்காம் பக்கத்தில்தான் அந்த வரி வரும்.
இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ
எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை.
எத்தனை பேருக்கு அடித்திருப்பேன்.
கண்ணை மூடினாலும் விரல் அடிக்கும்.

"தூக்கிடவாக்கா?"
நான் உடனே சொல்லவில்லை.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
"தூக்கு."

அதுவும் லேசில் போகவில்லை.
ஸ்பூலரை நிறுத்தி, ஃபோல்டருக்குள் புகுந்து,
கையால் அழிக்க வேண்டியிருந்தது.

அணைத்தேன்.
ஒன்பது விநாடி.
விசிறி நின்றதும்தான் தெரிந்தது
இத்தனை நாள் அது எவ்வளவு சத்தம் போட்டதென்று.
டியூப்லைட் ரீங்கரித்தது.
இருதயராஜ் நானூறு ரூபாயைச் சட்டைப் பையில் மடித்து வைத்தான்.

மூன்று மாதத்தில் முதல்முறையாக
ஒன்பது நாற்பதில் ஜன்னலோரம்.
கிண்டி தாண்டும்போது திடீரென்று ஒரு பயம்.
அணைந்தது மெஷினா,
மானிட்டர் மட்டுமா?

வியாழக்கிழமை மறுபடி நின்றது.
ஷட்டவுனில் இல்லை, இந்தத் தடவை லாகவுட்டில்.
போன் போட்டேன்.
"அது வேறக்கா, இது வேற. நாளைக்கு வரேன்."

எதையாவது அழிக்கச் சொல்வான்.
வரிசையில் இன்னும் யார் இருக்கிறார்களோ.

பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
சுற்றட்டும்.
பத்து ஐந்து இருக்கிறது.